யன்னல் கரையில் ஒரு ஆள்

எழுபதுகளின் நடுப்பகுதியில் சண்டிலிப்பாயில் எங்கள் வாசிகசாலைக்காரர் ஒரு பஸ்ஸை வாடகைக்குப் பிடித்துக் குடாநாட்டைச் சுற்றிக் காட்டப் போவதாக அறிவித்தார்கள். அம்மா போய் மூன்று பேருக்கு இடம் சொல்லிவிட்டு வந்தாள். வீட்டில் இருந்தது நாங்கள் இரண்டு பேர்தான். மூன்றாவது ஆள் யாரென்று நான் கேட்கவில்லை. கேட்டால் அன்றைக்கு அடுப்பு எரியாது.

மூன்றாவது ஆள் அண்ணன். தோட்டக்காரக் குடும்பத்தில் பிறந்தவன், புகையிலைக்குத் தண்ணீர் இறைத்து அலுத்துப்போய், கூட்டாளிகளோடு இந்தியக் கரைக்குப் போகிற வள்ளம் ஒன்றில் ஏறினான். அந்த வள்ளம் அக்கரைக்கும் போய்ச் சேரவில்லை, இக்கரைக்கும் திரும்பவில்லை. செத்துவிட்டான் என்றது ஊர். எங்கேயோ இருக்கிறான் என்றாள் அம்மா. செத்தவர்களுக்குச் செய்கிற கிரியை எதையும் செய்ய விடவில்லை. அழவும் முடியாமல், காத்திருக்கவும் பொறுமையில்லாமல் நான் நடுவில் கிடந்து அல்லாடினேன்.

பஸ்ஸில் இடம் பிடிக்க எங்கள் ஆட்கள் லேஞ்சியை, கைக்குட்டையை, இருக்கையில் போட்டுவைப்பார்கள். யாராவது வந்து கேட்டால் "ஆள் வருகுது" என்று சொன்னால் போதும், மறுபேச்சு இல்லை. அம்மா லேஞ்சி போடவில்லை. பெட்டியிலிருந்து அண்ணன் போட்டுக்கொண்டு திரிந்த வெள்ளைச் சேட்டை எடுத்து வந்து யன்னல் கரை இருக்கையின் முதுகில் மாட்டினாள். தான் நடுவில் இருந்தாள். ஓரத்தில் என்னை இருத்தினாள். எனக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது.

பண்டத்தரிப்பு தாண்டும்வரை இரண்டு பக்கமும் செம்மண்ணும் வெங்காயத் தறையும்தான். எங்கள் வீட்டுக் கோடியில் இருப்பதையே பஸ்ஸில் இருந்து கண்டதும் பெண்கள் அதிசயம் போலக் கூவினார்கள். கீரிமலை வருமுன்பே புட்டுப் பொதிகளில் பாதி அவிழ்ந்துவிட்டன.

கீரிமலை, செத்தவர்களுக்குக் கிரியை செய்கிற தலம். எல்லாரும் கேணியில் குளிக்க இறங்கினார்கள். அம்மா இறங்கவில்லை. வாசிகசாலைச் செயலாளர் எங்கள் இருக்கையடியில் வந்து நின்று தலையைச் சொறிந்தார்.

"அக்கா, வந்தது வந்திட்டியள். ஐயரும் நிக்கிறார். பொடியனுக்கு ஒருக்கால் எள்ளுந் தண்ணியும் இறைச்சுவிடுங்கோவன்."

"உயிரோடை இருக்கிறவனுக்கு ஆரும் எள்ளுத் தண்ணி இறைப்பினமோ?" என்றாள் அம்மா. அவர் இறங்கிப் போனார்.

அங்கிருந்து கரையோரமாகவே கிழக்கே போனோம். கடல் எங்கள் யன்னல் பக்கமாகக் கூடவே வந்தது. "என்ன வடிவு, என்ன வடிவு" என்று மற்றப் பக்கத்தில் இருந்தவர்களும் எங்கள் தலைக்கு மேலால் எட்டிப் பார்த்தார்கள். எனக்கு அது அண்ணன் போன தண்ணீர். காற்று உள்ளே அடித்துச் சேட்டின் கைகளை ஊதிவிடும், பிறகு விட்டுவிடும். நான் குனிந்து என் கால்களையே பார்த்துக்கொண்டு வந்தேன்.

தொண்டைமானாற்றில் கோயில் கும்பிட்டபின், செயலாளருக்குத் தெரிந்த ஒரு மனிசி வல்லிபுரம்வரை வருவதாக ஏறினாள். கடற்தொழில் செய்கிற குடும்பம். நாற்பது வயதிருக்கும். எங்களைப் பற்றி அவளுக்கு ஒன்றும் தெரியாது. பஸ்ஸில் வேறு இடம் இல்லாததால் எங்களடியில் வந்து நின்றாள்.

"ஆள் வருகுது, தங்கச்சி," என்றாள் அம்மா.

நான் எழும்பினேன். "நீங்கள் இருங்கோ பிள்ளை, உந்தா கிட்டத்தானே," என்று அவள் என்னை இருத்திவிட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டாள். கொஞ்சத் தூரம் போனதும் யன்னல் பக்கம் பார்த்தாள். திரும்பவும் பார்த்தாள். பிறகு அம்மாவின் காதடியில் குனிந்தாள்.

"அக்கா, உவர் உங்கடை மகனோ?"

எங்கள் பேச்சில் இவருக்கும் அவருக்கும் நடுவில் உவர் என்று ஒருவர் உண்டு. இவர், சொல்கிறவரின் பக்கத்தில் இருப்பவர். அவர், எட்டத்தில் இருப்பவர். உவர், கேட்கிறவரின் பக்கத்தில், கண்ணுக்கு முன்னால் இருப்பவர். இல்லாத ஒருவரை யாரும் உவர் என்று சொல்வதில்லை. வள்ளம் போன நாளிலிருந்து எங்கள் வீட்டில் அண்ணன் 'அவன்'தான்.

எனக்குப் பத்திக்கொண்டு வந்தது. காற்றில் ஊதிய சேட்டைக் கண்டு மயங்கினாளோ, வாய் தவறியதோ, என்ன இழவோ, நாலு வார்த்தை நறுக்கென்று கேட்க வாயைத் திறந்தேன். அம்மா முந்திவிட்டாள்.

"உங்களுக்கும் தெரியிறானோ?"

நான் அம்மாவைத் திரும்பிப் பார்த்தேன்.

"ஓம் அக்கா," என்றாள் அவள், சாதாரணமாக. "கடலைப் பாத்துக்கொண்டிருக்கிறார். கூப்பிட்டாலும் திரும்பமாட்டார் போல."

பஸ் போய்க்கொண்டிருந்தது. பின்னால் யாரோ தோடம்பழம் உரித்தார்கள். அம்மா கன நேரம் யன்னலையே பார்த்திருந்தாள். பிறகு கையை நீட்டிச் சேட்டை எடுத்து, மடித்து, மடியில் வைத்தாள்.

"இருங்கோ தங்கச்சி."

"ஆள் வருகுது எண்டியள்?"

"வராது."

அம்மாவும் நானும் முழங்காலை ஒதுக்கி வழிவிட்டோம். ஆனால் அந்த மனிசி உடனே வரவில்லை. உள்ளே இருப்பவர் எழும்பி வெளியே வரட்டும் என்பதுபோல் ஒருபக்கமாக ஒதுங்கி நின்றாள். அதற்குப் பிறகுதான் போய் இருந்தாள்.

அம்மா என் பக்கம் திரும்பினாள். "என்ரை கண்ணுக்கு மட்டும் தெரியிற வரைக்கும், ஆசையிலை காணுறன் எண்டு இருந்தன் பிள்ளை. பிறத்தியாருக்கும் தெரியிறான் எண்டால் அது ஆசையில்லை, பிறகென்ன..." சேட்டில் முகத்தைப் புதைத்துக்கொண்டு ஓவென்று அழுதாள். பாட்டுப் பாடிக்கொண்டிருந்த பெண்கள் நிறுத்திவிட்டார்கள். செயலாளர் என்னவோ ஏதோவென்று ஓடிவந்தார்.

அந்த மாதமே கிரியை எல்லாம் முறைப்படி நடந்தது. அதற்குப் பிறகு அவன் தன் கண்ணில் படவில்லை என்று அம்மா சொன்னாள். சொல்லும்போது ஆறுதலா ஏமாற்றமா என்று என்னால் பிரித்தறிய முடியவில்லை.

எனக்கு ஆறவில்லை. பெற்றவளுக்குத் தெரிந்தான், சரி. தொண்டைமானாற்றில் ஏறி வல்லிபுரத்தில் இறங்கிப் போன, முன்பின் அறியாத ஒருத்திக்கும் தெரிந்தான். அந்த வழி முழுவதும் ஒரு ஆள் தள்ளித்தான் நான் இருந்தேன். ஒரே கோப்பையில் சாப்பிட்டு வளர்ந்தவள். என் பக்கம் ஒருக்கால் திரும்பிப் பார்க்க அவனுக்கு மனம் வரவில்லை.