ஆணியில் தொங்கிய நீல ஒயர்

பலாப்பழ வாசனையோடு சுமதி கடைக்குள் வந்த அதே நிமிஷத்தில்தான் என் லேப்டாப் திரையில் அந்தச் செய்திப் பெட்டி எட்டிப் பார்த்தது. கடை என்றதும் பெரிதாக நினைத்துவிடாதீர்கள். மலைமேல் புதூர்நாட்டில், ஆன்லைன் மனுப் போட்டுக் கொடுக்க ஒரு ஷட்டர், ஒரு மேசை, ஒரு ஸ்கேனர், நான். 'கம்ப்யூட்டருக்குப் புது வெர்ஷன் தயார். இப்போதே மாற்றலாமா, மாலையில் மாற்றலாமா?' என்று ஆங்கிலத்தில் கேட்டது. ஒரு வாரமாக இதே தொல்லை. நான் யாரிடமும் புதிது கேட்கவில்லை. திருப்பத்தூரில் எனக்குத் தெரிந்த ஒருவர் மாற்றிப் பார்த்தார். மறுநாள் காலையிலிருந்து ஸ்கேனர் யாரென்றே அவருடைய லேப்டாப்புக்குத் தெரியவில்லை. அதற்கு முன்தினம் வரை நன்றாக ஓடிக்கொண்டிருந்த சாமான். என்னுடையதும் அதே வகைதான்.

சுமதி அங்கன்வாடி வேலைக்கு மனுப் போட வந்திருந்தாள். இன்றோடு கடைசி. காலையில் பழம் அறுத்த கையோடு சான்றிதழ்ப் பையைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்திருக்கிறாள். திரையைப் பார்த்ததும் சிரித்துவிட்டாள்.

"இந்த வாட்டி இன்னாத்தையும் அமுக்கிடாத, தாயே!"

அவள் சிரிக்கலாம். எனக்கு எங்கே சிரிப்பு வருகிறது? பலா வாசனை வந்தாலே மலைக்குக் கீழே ஆலங்காயத்துக்குப் போய்விடுவேன் நான். எல்லாருக்கும் பஸ் வேண்டும், எனக்கு இது போதும்.

பிளஸ் டூ முடித்த கையோடு அங்கே நஸீமாக்காவின் கம்ப்யூட்டர் சென்டரில் வேலைக்குச் சேர்ந்தேன். சென்டரில் இருந்தது ஒரே ஒரு கம்ப்யூட்டர். வேலை இல்லாத நேரத்தில் அதற்குப் பூப்போட்ட துண்டு போர்த்தி வைப்பார் அக்கா. அவருக்கு ஒரு சட்டம் உண்டு. நெட் தேவைப்படும்போது மட்டும் நீல ஒயரைச் செருக வேண்டும், வேலை முடிந்ததும் பிடுங்கிச் சுவரில் உள்ள ஆணியில் மாட்டிவிட வேண்டும்.

"கேக்காம உள்ள வர்றவங்களுக்கு நம்ம வூட்ல இன்னா வேல?" என்பார். வைரஸைத்தான் சொல்கிறார் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

சேர்ந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை. நர்ஸிங் படிப்புக்கு விண்ணப்பிக்கக் கடைசி நாளன்று சுமதியும் அவள் அப்பாவும் மலையிலிருந்து ஜீப்பில் இறங்கி வந்தார்கள். சுமதியும் நானும் ஒரே ஊர், பள்ளியில் ஒரே பெஞ்சு. பரீட்சையில் அவளைப் பார்த்து எழுதியும் அவள் மார்க்கை என்னால் எட்ட முடியவில்லை என்றால் பாருங்கள். அவள் அப்பாவை நான் மாமா என்றுதான் கூப்பிடுவேன்; மாமா தோளில் ஒரு பலாப்பழம். "சீட்டு கெடைச்ச மாதிரிதான்" என்று சொல்லிப் பழத்தை மேசைக்கடியில் வைத்தார். நஸீமாக்கா சாப்பிட வீட்டுக்குப் போயிருந்தார். நானே எல்லாவற்றையும் நிரப்பினேன். ஒயரைச் செருகினேன். அனுப்பப் போகிற நேரம் பார்த்து, 'புது வெர்ஷன் போடலாமா?' என்று அந்தப் பெட்டி வந்தது.

அதில் இரண்டு பொத்தான்கள் இருந்தன. ஒன்று 'இப்போதே', இன்னொன்று 'வேண்டாம்'.

மலையில் பிறந்தவளுக்கு எழுத்தில் வருவதெல்லாம் மேலிடத்து உத்தரவு. தாலுகா ஆபீஸ் நோட்டீஸானாலும் காட்டிலாகா நோட்டீஸானாலும் உடனே செய்துவிட வேண்டும். இல்லையென்றால் ஒரு நாள் கூலியை விட்டு, ஜீப் ஏறிப் போய், கைகட்டி நிற்க வேண்டும். உத்தரவுக்கு 'வேண்டாம்' என்று சொல்லலாம் என்பதே எனக்குத் தெரியாது. 'இப்போதே' என்பதை அழுத்தினேன். திரை நீலமாகி, 'அணைக்காதீர்கள்' என்றது.

மணி இரண்டரை. நூற்றுக்குப் பதினொன்று என்று காட்டிக்கொண்டு அப்படியே நின்றது. "பொட்டி தூங்கிடுச்சாம்மா?" என்றார் மாமா. நஸீமாக்கா வந்து பார்த்துவிட்டு, "இன்னாத்த அமுக்கின?" என்றார்.

"அதுதாங்க்கா கேட்டுச்சு."

"அது கேட்டா? எங்கிட்ட ஒரு வார்த்த கேட்டியா நீ?"

திட்டிய வாயோடு சான்றிதழ்களை வாரிக்கொண்டு சுமதியையும் இழுத்துக்கொண்டு அடுத்த தெரு சென்டருக்கு ஓடினார். அங்கே வரிசை வாசல் தாண்டி நின்றது. இவர்கள் முறை வருவதற்குள் ஐந்து மணி அடித்து விண்ணப்பம் மூடிவிட்டது. எங்கள் கம்ப்யூட்டர் ஆறேகாலுக்குக் கண் திறந்து 'வணக்கம்' சொன்னது. அதை உடைத்திருக்க வேண்டும். மாமா சான்றிதழ்ப் பையை எடுத்துக்கொண்டார். பழத்தை அங்கேயே விட்டுவிட்டுப் போனார். அதை அறுக்க எங்கள் இரண்டு பேருக்கும் கை வரவில்லை. மூன்று நாள் சென்டர் முழுக்க அந்த வாசனைதான்.

அடுத்த வருஷத்துக்குள் சுமதிக்குக் கல்யாணம் ஆகிவிட்டது. இரண்டு பிள்ளைகள், கொஞ்சம் சாமைக் கொல்லை. என்னை அவள் ஒரு வார்த்தை சொன்னதில்லை. சொல்லியிருந்தால் கொஞ்சம் நிம்மதியாக இருந்திருக்கும்.

அதனால்தான் இன்றைக்கு அந்தப் பெட்டியைப் பார்த்ததும் எனக்கு அப்படியொரு கோபம் வந்தது. மாலைக்கு என்று தள்ளிவிட்டேன். ஒவ்வொரு சான்றிதழாக ஸ்கேன் பண்ணினேன். நடுவில் பெட்டி மறுபடி வந்தது. "போடா" என்றேன், வாய்விட்டே. சுமதி என் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள். மனு போய்ச் சேர்ந்தது. ஒப்புகைச் சீட்டு சூடாகப் பிரிண்டரிலிருந்து வந்ததும் அதை இரண்டு கையாலும் வாங்கி, நான்காக மடித்து, ஜாக்கெட்டுக்குள் வைத்துக்கொண்டாள்.

"வர்றேன்டி. கொழந்தைங்க ஸ்கூல் வுட்டு வந்துடும்."

நஸீமாக்கா வாணியம்பாடியில் மகள் வீட்டோடு போய்விட்டார். அந்த சென்டரில் இப்போது செல்போன் கவர் விற்கிறார்கள். ஆணி இருக்கிறதா என்று ஒருமுறை எட்டிப் பார்த்தேன், இல்லை. இங்கே பிடுங்கி மாட்ட ஒயரும் கிடையாது, நெட் காற்றில் வருகிறது. அணைத்தாலும் பயனில்லை, எனக்குத் தெரியாமலே புது வெர்ஷன் முழுவதையும் இறக்கி வைத்துக்கொண்டு உள்ளே உட்கார்ந்திருக்கிறது. உட்காரட்டும். மாலை வந்தால் நாளைக்குத் தள்ளுவேன், நாளை வந்தால் அதற்கும் மறுநாளுக்கு. என் மேசையில் என்ன ஓட வேண்டும் என்பதை நான்தான் சொல்வேன்.

சுமதி போன பிறகு பெட்டி மூன்றாம் முறை வந்தது. இப்போதே, மாலையில். அவ்வளவுதான். திரையின் மூலை முடுக்கெல்லாம் தேடிவிட்டேன். அன்றைக்கு 'வேண்டாம்' என்று ஒரு பொத்தான் இருந்தது, எனக்குத் தைரியம் இல்லை. இன்றைக்குத் தைரியம் இருக்கிறது, பொத்தானை எடுத்துவிட்டார்கள்.