தக்லா துவைத்த சட்டை

மகன் ரத்தத்தை ஊற்றுத் தண்ணீரில் கரைத்துவிட்டவள் என்று தக்லாவைப் பேசாதீர்கள். கல்லுரலில் கிப்பே உருண்டைக்குக் கறி இடித்துக்கொண்டே பேசிவிடுவது சுலபம். சட்டையைத் துவைத்தாள், உண்மைதான். ஏன் என்று கேட்டுவிட்டு அப்புறம் வாயைத் திறங்கள்.

சிலுவைத் திருநாளில் மேலத்தெருவும் கீழத்தெருவும் கோயில் முற்றத்தில் கூடும். பெரிய மணியை ஒற்றைக் கையால் அடிப்பவன்தான் எங்கள் குன்றில் ஆண்பிள்ளை. அந்த வருஷம் தக்லாவின் மூத்தவன் சார்கிஸ் அடித்தான். அடித்தவன் சும்மா இருந்திருக்கலாம். கீழத்தெரு மன்சூரைப் பார்த்து, "உங்க தெரு ஆம்பளைங்க மணிக் கயித்துல தொங்கத்தான் லாயக்கு!" என்றான். மன்சூரும் எல்லாரோடும் சேர்ந்து சிரித்தான். சிரித்துக்கொண்டே கைத்துப்பாக்கியை எடுத்துச் சார்கிஸின் தொண்டையில் சுட்டான்.

எங்கள் ஊர் வழக்கப்படி, கொலையுண்டவனுக்குப் பழி தீரும்வரை சாவுமணி கிடையாது. அவன் சட்டை துவைக்காமல் வீட்டு உத்தரத்தில் தொங்கும். மன்சூர் மலைக்கு ஓடிவிட்டதால், தக்லாவின் கொழுந்தன் தன்னூஸ் மன்சூரின் அண்ணனை ஒலிவத் தோப்பில் சுட்டுப் போட்டான். "கொன்னவன் உசுரோடதானே இருக்கான்" என்று சட்டையை இறக்க விடவில்லை. கீழத்தெருக்காரர்கள் தக்லாவின் கழுதையைக் கழுத்தறுத்து வாசலில் போட்டார்கள். பிறகு தன்னூஸின் மருமகனை, முகம் அடையாளம் தெரியாதபடி சுட்டார்கள். சட்டையில் ஈ மொய்த்தது.

ஒருநாள் தன்னூஸ் அந்தச் சட்டைக்குக் கீழே துப்பாக்கியை வைத்தான்.

"அண்ணி, ஞாயித்துக்கிழமை மன்சூர் அவன் அம்மாவைப் பாக்க இறங்கி வர்றான். ஃபாரேஸை அனுப்பு."

ஃபாரேஸ் அவளுக்கு மிச்சமிருந்த ஒரே பிள்ளை.

"துப்பாக்கி உன்னோடதுதானே? நீ போயேன்."

"கூடப் பொறந்தவன் இருக்கறப்ப நான் போனா ஊர் சிரிக்கும்."

"சிரிக்கட்டும். பல்லு அவங்களோடது."

ஃபாரேஸ் குனிந்தபடி, "நான் போறேம்மா" என்றான்.

மறுநாள் காலையில் தக்லா சட்டையை இறக்கி ஊற்றுக்குக் கொண்டுபோனாள். இரண்டு தெருப் பெண்களும் பார்க்க, ஒலிவச் சோப்புப் போட்டுக் கசக்கினாள். தண்ணீர் பழுப்பாக ஓடியது. செய்தி கேட்டு ஓடிவந்த தன்னூஸ், "நீ பெத்தவளா, பேயா?" என்று துப்பாக்கிக் கட்டையால் அடித்தான். இடது கை எலும்பு முறிந்த சத்தம் எதிர்க்கரை வரைக்கும் கேட்டது. அவள் சட்டையின் ஒரு முனையைப் பல்லில் கடித்துக்கொண்டு வலது கையால் பிழிந்தாள்.

பின்னாலேயே வந்த ஃபாரேஸ் துப்பாக்கியைப் பிடுங்கிச் சித்தப்பன் நெஞ்சில் வைத்தான். விசையில் விரல் இருந்தது.

"கீழ போடுடா! இவன் சட்டையையும் தொங்கவிட என் வீட்டுல உத்தரம் இல்ல" என்றாள் தக்லா.

அவன் அதை ஊற்றுக்குள் எறிந்தான்.

தக்லா நேராகக் கோயிலுக்குப் போய் பெரிய மணியின் கயிற்றைப் பிடித்தாள். ஒற்றைக் கை. சார்கிஸுக்குச் சாவுமணி, ஒன்றுக்கும் அடுத்ததற்கும் நடுவில் ஒரு செபம் சொல்லும் இடைவெளி விட்டு. மணி அடித்தாகிவிட்டால் அந்தச் சாவுக்குப் பழி கேட்க எவனுக்கும் உரிமை இல்லை. குன்று முழுக்கக் கேட்டது.

வீட்டுக்கு வந்து அந்தச் சட்டையை ஃபாரேஸுக்குப் போட்டுவிட்டாள். கழுத்தருகே கறை போகவில்லை.

"ஈரமா இருக்கும்மா."

"நடந்தா காஞ்சிடும்."

குன்றிலிருந்து இறங்கி ஊரை விட்டுப் போக ஒரே வழி கீழத்தெரு வழியாகத்தான். அங்கே சன்னல்கள் ஒவ்வொன்றாகத் திறக்கிற சத்தம் கேட்டது.

"முன்னால போகாத. என் முதுகுக்குப் பின்னாலயே வா."

கதவைப் பூட்டவில்லை. முறிந்த கையை முக்காட்டுத் துணியில் கட்டிக்கொண்டு அவள் வாசலைத் தாண்டினாள்.