கபொரேத்தோ என்று எழுதிய உறை

என் அம்மாவின் அக்கா பாவ்லா, மிலான் நகரத்தில் ஒரு வக்கீல் வீட்டில் ஆறு வருஷம் சமைத்தாள். எங்கள் ஊர்ப் பெண்கள் அப்போது அப்படித்தான் பிழைக்கப் போனார்கள்.

எங்கள் வாயில் ஊர்ப் பெயர் கொபாரிட். எங்களை ஆண்ட இத்தாலிக்காரர்கள் கபொரேத்தோ என்றார்கள். முதல் பெரிய யுத்தத்தில், பதினேழாம் வருஷத்து மழையில், அவர்களுடைய பட்டாளம் அங்கேதான் சிதறி ஓடியது. திட்டம் போட்டவர்கள் அவர்களுடைய தளபதிகள். ஓடுகிற வழியில் எங்கள் வயலை மிதித்து, தாத்தாவின் இரண்டு பசுக்களையும் ஓட்டிக்கொண்டு போனவர்களும் அவர்களே. அசிங்கம் மட்டும் எங்கள் ஊர்ப் பெயருக்காம்!

வக்கீல் சீட்டாட்டத்தில் தோற்றால், "இன்னைக்கு எனக்குக் கபொரேத்தோ" என்பார். கறி தீய்ந்தாலும் அதே சொல்தான். முதலாளியம்மா முதல் நாளே சொல்லிவிட்டாள்: "எந்த ஊருன்னு யாராவது கேட்டா, கொரிஸியா பக்கம்னு சொல்லு. உன் ஊருப் பேரு இந்த வீட்டுல வேணாம்." கொரிஸியா எங்கள் மலைக்குக் கீழே இருக்கிற பட்டணம்.

ஊரில் தாத்தா படுத்த படுக்கை. பெரியம்மாவின் சம்பளத்தில்தான் அடுப்பு எரிந்தது. வாயை மூடிக்கொண்டாள்.

வக்கீலின் பெயர்நாள் விருந்துக்கு, அவர் பெயருள்ள புனிதரின் திருநாளன்று, அவள் எங்கள் ஊர்க் கொழுக்கட்டை செய்தாள். உள்ளே அக்ரூட், திராட்சை. மேலே கட்டைவிரலால் ஒரு குழி. அந்தக் குழியில் உருக்கிய வெண்ணெய் தேங்கி நிற்கவேண்டும். ஓய்வுபெற்ற கர்னல் ஒருவர் ஒன்பது தின்றுவிட்டு அவளைக் கூப்பிடச் சொன்னார்.

"பிரமாதம்மா! எந்த ஊருப் பலகாரம்?"

"கொரிஸியா பக்கம்..." என்று முதலாளியம்மா முந்தினாள்.

"இல்லைங்கய்யா. கபொரேத்தோ" என்றாள் பெரியம்மா.

"போச்சுடா, நம்ம வயித்துக்கும் தோல்விதானா!" என்றார் வக்கீல். மேசையே சிரித்தது.

"ஓடினது உங்க ஆளுங்க. எங்க ஊரு ஒரு அடி நகரலைங்க. அங்கயேதான் இருக்குது."

கர்னல் முள்கரண்டியைக் கீழே வைத்தார்.

முதலாளியம்மா சமையலறைக்குள் வந்து சீறினாள்: "மன்னிப்புக் கேளு. இல்லேன்னா மூட்டையக் கட்டு!"

"மாவுக் கையக் கழுவிட்டுக் கிளம்பறேன்ம்மா."

ஊருக்கு வந்தவளைத் தாத்தா படுக்கையிலிருந்தே திட்டினார். "கொஞ்சம் வாய அடக்கக் கூடாதாடி? இனி என்னத்தத் தின்போம்?"

"நம்ம ஊரச் சொல்லித்தான்ப்பா சிரிச்சாங்க."

தாத்தா சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார். மறுவாரமே பெரியம்மா சந்தைமுனைச் சத்திரத்தில் சமையலுக்குச் சேர்ந்தாள். பாதிச் சம்பளம்தான்.

வசந்தத்தில் ஒரு கடிதம் வந்தது. உறையில் 'பாவ்லா ஸ்கோச்சிர், கொரிஸியா பக்கம்' என்று மட்டும் இருந்தது; தபால்காரர்கள் ஊர் ஊராகப் பேரை விசாரித்துக் கொண்டுவந்திருந்தார்கள். முதலாளியம்மாவின் கையெழுத்து. பெரியம்மா அதைப் பிரிக்கவே இல்லை.

"திருப்பி அனுப்பிடுங்க. அப்படி ஒரு ஊருல நான் இல்ல" என்று தபால்காரரிடம் நீட்டினாள்.

ஒரு மாதம் கழித்து மறுபடி வந்தது. இந்தத் தடவை 'கபொரேத்தோ' என்று பெரிதாக எழுதியிருந்தது. பிரித்தாள். புதுச் சமையல்காரி போடுகிற கொழுக்கட்டை தண்ணீரில் வெடிக்கிறதாம். வக்கீல் முகத்தைத் தூக்குகிறாராம். சம்பளம் கூட்டித் தருகிறேன், வா.

பெரியம்மா கடிதத்தை அடுப்பில் போட்டாள். உறையைச் சத்திரத்துச் சுவரில், வருகிற இத்தாலிக்காரர் எல்லாரும் பார்க்கும்படி, ஆணி வைத்து அடித்தாள்.