சோற்றில் சேராத கிழங்கு

டிரஸர் அறையில் அன்று காலை இருந்தவர்கள் அம்மா, நான், எஸ்டேட் ஆஸ்பத்திரியில் மருந்து கொடுப்பது, கட்டுப் போடுவது எல்லாவற்றையும் தனியாளாகக் கவனித்துக்கொண்டிருந்த யாழ்ப்பாணத்து டிரஸர் ஐயா, ஆக மூன்று பேர். இல்லாதவர்கள் இருவர். சயாமில் ரயில் பாதை போட லாரியில் ஏற்றப்பட்ட அப்பாவிடமிருந்து ஒரு வரி வரவில்லை. மாதம் ஒருமுறை சிரம்பானிலிருந்து வந்துகொண்டிருந்த டாக்டர், பெட்ரோல் இல்லாததால் வருவதை நிறுத்திவிட்டார். சுவர்க் கடிகாரம் எட்டேகால் காட்டியது. வெளியே அப்போதுதான் விடிந்துகொண்டிருந்தது. ஜப்பான்காரர்கள் மலாயாவைப் பிடித்ததும் எங்கள் கடிகாரங்களையெல்லாம் தோக்கியோ நேரத்துக்குத் திருப்பிவிட்டார்கள். ஊரில் இதை எப்போதாவது படிக்கப்போகிறவர்களுக்கு இது வேடிக்கையாக இருக்கும். எங்களுக்கு, சூரியனும் கடிகாரமும் ஒத்துப்போகாத நாட்டில் எழுந்து வேலைக்குப் போவது பழகிவிட்டது.

அம்மா கொண்டுவந்த சிறுநீரில் எட்டுச் சொட்டை ஒரு நீல மருந்தில் விட்டு, குழாயைக் கொதிக்கும் தண்ணீருக்குள் வைத்தார் டிரஸர் ஐயா. நீலம் நீலமாகவே நின்றால் சர்க்கரை இல்லை, நல்லது. அது பச்சையாகி, மஞ்சளாகி, கடைசியில் செங்கல் நிறத்தில் வந்து நின்றது. போன தடவை பார்த்ததைவிட மோசம்.

அம்மாவின் இடது மார்பில் ஒரு கட்டி இருந்தது. புளியங்கொட்டையளவு இருந்தபோது வெட்கப்பட்டு மறைத்தாள். எலுமிச்சம்பழமான பிறகுதான் சொன்னாள். சிரம்பான் பெரிய ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனேன். புற்று, அறுத்து எடுக்கவேண்டும் என்றார் டாக்டர். ஆனால் உடம்பில் இவ்வளவு சர்க்கரையை வைத்துக்கொண்டு கத்தி வைத்தால் புண் ஆறாது, அழுகும். ஒரு மாதத்துக்குள் சர்க்கரையை இறக்கிக் கொண்டுவா, அதற்கு மேல் போனால் அக்குளுக்குப் பரவிவிடும் என்றார். இந்த ஒரு மாதத்துக்குள்தான் நாங்கள் அடைபட்டோம்.

முசிறிப் பக்கத்திலிருந்து கப்பல் ஏறியபோது அம்மா எலும்பும் தோலுமாக இருந்தாளாம். இங்கே சயாம் அரிசியும், டின் பால் ஊற்றி மூன்று கரண்டி சீனி போட்ட தேநீரும் அவளுக்குச் சதை கொடுத்தன. பக்கத்து டவுன் பெடாஸில் படம் பிடித்து ஊருக்கு அனுப்பினோம். மாமா வீட்டில் அதைக் கண்ணாடி போட்டு மாட்டிவிட்டு, மலாயா நன்றாகத்தான் வைத்திருக்கிறது என்று எழுதினார்கள். கொல்லையில் அவள் ஒன்றுக்குப் போன இடத்தில் எறும்பு மொய்த்ததை யாரும் எழுதவில்லை. எங்களுக்கும் அது வியாதியாகத் தோன்றவில்லை.

“சோறும் சீனியும் கூடாது” என்று டிரஸர் ஐயா சொன்னதை நான்தான் தாளில் எழுதி எங்கள் லயத்து வீட்டுக் கதவில் ஒட்டினேன். எங்கள் குடும்பத்தில் எழுத்து தெரிந்தவன் நான் ஒருவன். நான் எழுதி ஒட்டினால் அது சட்டம். ரேஷனில் கிடைத்த இரண்டு பிடி அரிசியைப் பக்கத்து வீட்டு மாரியாயி அக்காவிடம் கொடுத்து, மாற்றாக மரவள்ளிக்கிழங்கு வாங்கிவந்தேன்.

“படிச்ச புள்ள அரிசியக் குடுத்துட்டுக் கெழங்கு வாங்குது. இந்த எஸ்டேட்டுலயே நீ ஒருத்தன்தான்லா” என்று சிரித்தாள் அக்கா. ஆனாலும் அரிசியை உடனே உள்ளே கொண்டுபோய்விட்டாள்.

கிழங்கு இனிக்காது; எங்கள் பேச்சில் அது சோறும் ஆகாது. பதினைந்து நாள் மூன்று வேளையும் அவித்துக் கொடுத்தேன். மறுத்தபோது அதட்டியும் கொடுத்தேன்.

“என்ன குடுத்தனீர்?” செங்கல் நிறக் குழாயைப் பிடித்தபடியே கேட்டார் டிரஸர் ஐயா.

“கெழங்கு மட்டுந்தான் ஐயா. ஒரு பருக்கை சோறு குடுக்கல.”

அவர் குழாயை மெதுவாகக் கீழே வைத்தார். “கிழங்கும் வயித்துக்குள்ள போனால் சீனிதான், தம்பி. நான் அதையும் சொல்லியிருக்க வேணும்.”

“இந்தச் சர்க்கரையாலதான் கட்டி வந்துச்சா ஐயா?”

“அது எனக்குத் தெரியாது. ஆனா நான் பாத்த சில பேரில ரெண்டும் ஒரே வீட்டுக்குக் குடிவந்த மாதிரி இருந்தது. ஆர் ஆரைக் கூட்டிவந்தது எண்டு கேட்டால் சொல்லத் தெரியாது.”

“ரெண்டையும் காலி பண்ணச் சொல்லுங்க. வாடக தராம இருக்குதுங்க” என்றாள் அம்மா.

மீதி இருந்தது பதினைந்து நாள். அப்பாவின் வெள்ளை வேட்டியை எடுத்துக்கொண்டு, முட்டைக்கும் மீனுக்கும் மாற்ற ரெம்பாவ் போகும் வழியிலுள்ள கம்பத்துக்கு, மலாய்க்காரர் கிராமத்துக்குப் போனேன். அங்கே ஒரு மக்சிக், அத்தை வயதுக்காரி, துணியைத் தடவிப் பார்த்து, அம்மாவுக்கு நோய் என்று கேட்டதும் உள்ளே போனாள். வாழையிலையில் சுடச்சுடச் சோறு, மேலே ஒரு கட்டி பனைவெல்லம். இந்தக் காலத்தில் தங்கத்தைக் கொடுத்ததற்குச் சமம். “அம்பிக்லா” என்றாள், எடுத்துக்கொள் என்று. “தா போலே” என்றேன், கூடாது என்று. அதற்கு மேல் விளக்க என் மலாய் போதவில்லை. தன் வீட்டுச் சோற்றை நான் தீட்டாக நினைப்பதாக எண்ணிவிட்டாள். முகம் சுருங்கியது. முட்டைகளையும் வாட்டிய மீனையும் படிக்கட்டில் வைத்துவிட்டுக் கதவைச் சாத்தினாள்.

கீரை, முட்டை, மீன். அம்மாவின் உடம்பு நாளுக்கு நாள் இறங்கியது. “மலாயா போட்ட சதைய சப்பான்காரன் கழட்டுறான்” என்று வளையலை முழங்கை வரை ஏற்றிக் காட்டினாள். சர்க்கரை இறங்கி மருந்து பச்சையில் நின்றபோது, அவளால் ஆஸ்பத்திரி வாசல் வரை நடக்க முடியவில்லை. தின்றால் சர்க்கரை, தின்னாவிட்டால் கத்தியைத் தாங்கத் தெம்பில்லை. இனி சிறிது சோறு கொடுத்துத்தான் ஆகவேண்டும், அதற்கு இன்சுலின் ஊசி வேண்டும், எங்களிடம் இல்லை என்று சிரம்பானிலிருந்து சொல்லியனுப்பினார்கள்.

ரெம்பாவில் ஒரு சீனர் கடையில் இரண்டு புட்டி இருந்தது. வாழைமரம் போட்ட ஜப்பான் நோட்டை அவர் தொடவில்லை. வெள்ளைக்காரர் காலத்து ராஜா தலை நோட்டாக எண்பது வெள்ளி வேண்டும் என்றார். எங்களிடம் சரியாக அவ்வளவு இருந்தது. ஊர் திரும்ப மூன்று பேருக்கும் கப்பல் செலவுக்கென்று அப்பா சேர்த்து, தலையணைக்குள் வைத்துத் தைத்துவிட்டுப் போனது.

“நம்ம ரெண்டு பேரு காச எடுத்துக்க” என்றாள் அம்மா. “அவரு காசு இருக்கட்டும். அதத் தொட்டா, அவரு வரமாட்டாருன்னு நாமளே சொன்ன மாதிரி ஆயிரும்.”

“ரெண்டு பங்குக்கு அவன் தரமாட்டான்மா.”

“ஒரு புட்டி போதும்னு கேளேன்.”

“ஒன்னு போதாதுன்னு டிரஸர் ஐயா சொல்லிட்டாரு.”

சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். கொஞ்ச நேரம் கழித்துத் தலைக்கடியிலிருந்து தலையணையை உருவி என் பக்கம் தள்ளினாள். அவள் பார்க்காமல் இருக்கும்போதே தையலைப் பிரித்தேன்.

மார்பை எடுத்தார்கள். புண் அழுகவில்லை, ஆனால் இன்னும் முழுதாக மூடவில்லை. திரும்ப வருமா என்று கேட்டேன், சர்க்கரையை ஏறவிடாமல் பார்த்துக்கொள் என்பதோடு நிறுத்திக்கொண்டார் டாக்டர். கட்டுப் பிரித்த அன்று அம்மா என்னிடம் கேட்டாள்.

“வெட்டுனத என்ன செஞ்சாங்க?”

“ஆஸ்பத்திரிக்குப் பின்னால பொதச்சிட்டாங்களாம்.”

“அப்ப இனிமே ஊருக்கு முழுசாப் போவ முடியாது” என்றாள், ஏதோ பஸ் தவறிப்போனதைச் சொல்வதுபோல.

ஊருக்கு இப்போது கப்பலும் இல்லை, தபாலும் இல்லை. ஆன செலவை மட்டும் எழுதிவைக்கிறேன்: எண்பது வெள்ளி, அப்பாவின் பங்கையும் சேர்த்து.