மகன் பெயரில் ஓர் அறை

மகன் போன முதல் வருஷம், அவன் நினைவாக அவன் நண்பர்களின் அறுபது மோட்டார் சைக்கிள்கள் கிளம்பின. எல்லார் மார்பிலும் அவன் படம் போட்ட பனியன். ஊர் ஊராக உண்டியல் குலுக்கிக்கொண்டு போய், கடைசியில் அவன் உயிர் பிரிந்த பெரிய ஆஸ்பத்திரி வாசலில் வண்டிகளை நிறுத்தினார்கள். புற்றுநோய் வார்டில் இருக்கும் பிள்ளைகளின் பெற்றோர் படுத்து எழுந்திருக்க அங்கே ஓர் அறை வேண்டும். அவன் அம்மா கேட்டது அது ஒன்றுதான்.

மகன் உள்ளே கிடந்த காலமெல்லாம், போகிறவர் வருகிறவர் கால் படாமல் நடைபாதைச் சுவரோடு ஒட்டிக்கொண்டு, செய்தித்தாள் விரித்துப் படுத்தவள் அவள். வேலையோ ஒரு விடுதியின் சலவைக்கூடத்தில். ஊரார் படுக்கிற விரிப்பையெல்லாம் வெளுத்து இஸ்திரி போட்டுத் தந்தவளுக்கு, தன் பிள்ளை சாகக் கிடந்தபோது தலைக்கு வைக்க ஒரு துணி இல்லை.

அறை கட்டியாயிற்று. திறப்பு விழாப் படத்தை அவளுக்குக் கொண்டுவந்து காட்டினார்கள். இரண்டாம் வருஷம், அறைச் செலவுக்கென்று பாதி வண்டிகள் கிளம்பின. மூன்றாம் வருஷம், எல்லாவற்றையும் முன்னின்று நடத்திய பையன் மட்டும் வந்து வாசற்படியில் நின்றான். அவனுக்குப் பட்டப்பெயர் சைலன்சர். வாய் ஓயாதவன் என்பதால் மகன் வைத்த பெயர். அன்றைக்கு அவனுக்கு நிஜமாகவே வாய் அடைத்துப்போயிருந்தது.

"அம்மா, இந்த வருஷம் யாரும் வரலம்மா. ஒருத்தனுக்குக் கல்யாணம் ஆயிடுச்சு, ஒருத்தன் வெளிநாடு போயிட்டான். மத்தவங்க போனையே எடுக்கறதில்ல."

"நீ?"

"நான் ஒத்தையா போனா ஊர் சிரிக்கும்மா. ரெண்டு வண்டியாவது வேணும்."

"என் புள்ளை வண்டியை நான் ஓட்டறேன். ரெண்டாச்சா?"

உள்ளே சாப்பிட்டுக்கொண்டிருந்த கணவர் தட்டிலேயே கையை உதறினார். காலமெல்லாம் லாரி ஓட்டியவர். ரோட்டில் சிதறிக் கிடந்தவர்களைத் துணி போட்டு மூடியிருக்கிறார்.

"உனக்குப் புத்தி பிசகிடுச்சா? ஸ்கூட்டர்ல வேலைக்குப் போறதும் அந்த வண்டியும் ஒண்ணா? ஒருத்தனைக் கொடுத்துட்டு நிக்கிறேன். உன்னையும் வாரிக் கொடுக்கணுமா?"

"நீங்க அதுக்கப்புறம் ஒரு தடவையாவது அந்த ஆஸ்பத்திரிப் பக்கம் எட்டிப் பார்த்தீங்களா?"

அவர் எழுந்து கை கழுவப் போய்விட்டார். அந்த ஊருக்குச் சரக்கு என்றாலே வேறு டிரைவர் தலையில் கட்டிவிடுகிறவர் அவர்.

காலி மைதானத்தில் சைலன்சர் ஓட்டக் கற்றுக்கொடுத்தான். வண்டி துள்ளித் துள்ளி நின்றபோதெல்லாம் அவள் அதைத் திட்டித் தீர்த்தாள். "அம்மா, அது மாடு இல்ல. அதட்டினா போகாது. கிளட்சை மெதுவா விடுங்க" என்றான்.

இருவரும் கிளம்பினார்கள். முதல் வருஷம் மாலை போட்டு வரவேற்ற ஊர்களில் இப்போது ஏனென்று கேட்க நாதியில்லை. ஒரு கடைக்காரர் அவள் பனியனில் இருந்த படத்தை உற்றுப் பார்த்துவிட்டு, "தம்பி எலெக்‌ஷன்ல நிக்கிறாராம்மா?" என்றார்.

"இல்லப்பா. செத்துட்டான்."

அவர் அவசரமாக உண்டியலில் எதையோ போட்டுவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார். அவளுக்குச் சிரிப்புதான் வந்தது. சிரித்து முடித்ததும் பனியனை நீவிவிட்டுக்கொண்டு வண்டியைக் கிளப்பினாள்.

கடைசி ஊருக்கு முந்திய ஊரில் மழை பிடித்துக்கொண்டது. பாலத்துத் திருப்பத்தில் கொட்டிக் கிடந்த சரளையில் முன்சக்கரம் வழுக்கியது. வண்டி ஒரு பக்கம், அவள் ஒரு பக்கம். மணிக்கட்டு முறிந்தது. அருகில் இருந்த மருத்துவமனையில் மாவுக்கட்டுப் போட்டார்கள்.

மறுநாள் காலை கணவர் லாரியோடு வந்தார். ஏசவில்லை. அதுதான் அவளைப் பயமுறுத்தியது. சைலன்சரும் அவருமாக மகனின் வண்டியைத் தூக்கி லாரியில் ஏற்றினார்கள்.

"வீட்டுக்குத்தானே?"

"இன்னும் ஒரே ஒரு ஊர்தாங்க."

அவர் இறங்கிப் போய், மகனின் வண்டியைக் கட்டியிருந்த கயிற்றை இன்னொரு முறை இழுத்து இறுக்கிவிட்டு வந்தார். பிறகு அந்த ஊர்ச் சாலையில் லாரியைத் திருப்பினார்.

ஆஸ்பத்திரி வாசலில் அவர் இறங்கவில்லை. அவளும் சைலன்சரும் உள்ளே போனார்கள். நடைபாதையில் அதே சுவர், அதே செய்தித்தாள்கள், வேறு மனிதர்கள். கோடியில் மகன் பெயர் எழுதிய பலகை. கதவில் பூட்டு. ஜன்னல் வழியாகப் பார்த்தால் உடைந்த கட்டில்களும் துருப்பிடித்த அலமாரிகளும் கூரை வரை குவிந்து கிடந்தன.

"அது ஸ்டோர் ரூம்மா" என்றார் காவலாளி.

"போர்டுல என்ன எழுதியிருக்குன்னு படிங்க."

"படிக்கவா என்னை வேலைக்கு வச்சிருக்காங்க? திறந்து வச்சவங்க போட்டோ பிடிச்சிட்டுப் போனாங்க. அதுக்கப்புறம் யாரும் வந்து கேட்கல."

சைலன்சர் தலையில் கை வைத்துக்கொண்டான். "போன வருஷமும் ஆபீஸ்ல பணத்தைக் கட்டிட்டு அப்படியே போயிட்டோம்மா."

அவள் கத்தவில்லை. கதவில் முதுகைச் சாய்த்துத் தரையில் உட்கார்ந்தாள். "சாவி வரட்டும். நான் இங்கதான் இருப்பேன்."

மேலதிகாரி வந்தார், அதட்டினார், பிறகு கெஞ்சினார். நடைபாதையில் கிடந்தவர்கள் ஒவ்வொருவராக எழுந்து அவளைச் சுற்றி நின்றதும் சாவி வந்துவிட்டது. சைலன்சர் ஒரு பக்கம் தூக்க, அவள் ஒற்றைக் கையால் கட்டில்களை இழுக்கத் தொடங்கினாள். திடீரென்று பாரம் குறைந்தது.

"விடு. நான் தூக்கறேன்" என்றார் கணவர். எப்போது இறங்கி வந்தார் என்று தெரியவில்லை. எதிரே இருந்த வார்டுக் கதவை மட்டும் அவர் ஏறெடுத்துப் பார்க்கவே இல்லை.

மாலைக்குள் அறை காலியானது. ஓர் இளம்பெண் தயங்கித் தயங்கி உள்ளே வந்தாள். அவள் குழந்தை வார்டில் இருந்தது.

"வாடகை எவ்வளவுங்க?"

"ஒண்ணும் இல்லம்மா. படு."

படுத்ததுதான் தாமதம், அடித்துப்போட்டாற்போல் தூங்கிவிட்டாள். கணவர் வெளியே போய், மகன் சாவுக்கு அழாத அழுகையை லாரிச் சக்கரத்தருகே உட்கார்ந்து அழுது தீர்த்தார்.

அதன்பின் ஊர்வலம் எதுவும் நடக்கவில்லை. அவள் மணிக்கட்டு கோணலாகவே கூடியது. மாதம் ஒரு விடுமுறை நாளில் பஸ் ஏறிப் போய், அறை திறந்திருக்கிறதா என்று பார்த்துவிட்டு வருகிறாள்.

முதல் தடவை போனபோது அந்த இளம்பெண்ணை விசாரித்தாள். காவலாளி தலையைக் குனிந்துகொண்டார். "குழந்தை தங்கலம்மா."

அறைக்குள் எட்டிப் பார்த்தாள். உள்ளே வேறொருவர், யாரோ ஒரு பிள்ளையின் அப்பா, சுவரைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். அவள் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"ஏதாவது சாப்பிட்டீங்களா?" என்று கேட்டாள்.