காற்று முகத்தில் அடிக்கும் பக்கம்

அமுதவல்லி டீச்சர் வகுப்பில் பேசினால் பக்கத்து வகுப்புக்கும் சேர்த்துப் பாடம் நடந்துவிடும். உப்பளத்தில் மட்டும் அந்தக் குரல் எடுபடாது. வரப்பில் ஒருவர் பின் ஒருவராகத்தான் போக முடியும். முன்னால் நின்று அவர் சொல்வதில் பாதியைக் காற்று கொண்டுபோய்விடும்; மீதியைக் கடைசியில் வருகிற பிள்ளைகளின் அரட்டை விழுங்கிவிடும். மரக்காணத்து உப்பளக் குடும்பத்தில் பிறந்து, வானூர்ப் பக்கம் ஒரு பள்ளியில் புவியியல் நடத்துகிறவருக்கு இது மானப் பிரச்சினை.

அதனால் இந்த வருடம் பாடத்தைச் செல்போனில் பதிவு செய்தார். விடிந்ததும் தனியாக வந்து, வரப்பில் நடந்தபடியே, எங்கே நிற்க வேண்டும், எதைத் தொட வேண்டும், எதை முகர வேண்டும் என்று பேசினார். ஒரு வாக்கியம் பிடிக்காவிட்டால் அந்த இடத்துக்கே திரும்பப் போய் நின்று மறுபடி பேசினார். இருவருக்கு ஒரு போன், ஆளுக்கு ஒரு காதில் ஒயர் என்று ஏற்பாடு.

உப்பளக்காரர் குழந்தைசாமி ஒரே ஒரு நிபந்தனை வைத்தார்.

"ஏம்மா அமுதா, உப்பு பூத்த பாத்தியில ஒரு கால்தடம் பட்டுது, அதோட சரி. அடுத்த வருஷம் யாரும் இந்தப் பக்கமே வரக்கூடாது."

"படாது மாமா. நான் பொறுப்பு."

பிள்ளைகள் வந்த அன்றைக்குப் பள்ளி பஸ் வழியில் பஞ்சராகி, உச்சிவெயிலில்தான் வந்து சேர்ந்தது. பிள்ளைகளை வரிசையாக நிறுத்தி, "கேட்டுக்கிட்டே வாங்க, தண்ணி விடுற மடைகிட்ட நான் நிப்பேன்" என்று சொல்லிவிட்டு, டீச்சர் மோர்க்குடத்தோடு குறுக்கு வரப்பில் முன்னே போனார்.

பதிவு ஓடத் தொடங்கியது. "காத்து முகத்துல அடிக்குதா? அந்தப் பக்கமா நடங்க."

உப்பளத்தில் வளர்ந்தவர்கள் இப்படித்தான் வழி சொல்வார்கள். எந்த வேளைக்கு எந்தக் காற்று என்பது கேட்கிறவருக்கும் தெரியும். டீச்சர் பேசியது, மடைப் பக்கமிருந்து தரைக்காற்று அடிக்கும் காலையில். இப்போது அடித்தது கடல்காற்று. வானூர்ப் பிள்ளைகள் சொன்ன சொல் தவறாமல் கடல் பக்கம் திரும்பி, உப்பு பூத்த பாத்திகளை நோக்கி நடந்தார்கள்.

வரிசை தூரத்தில் சிறுத்துக்கொண்டே போவதை மடையிலிருந்து டீச்சர் பார்த்தார்.

"டேய், நில்லுங்கடா!"

எதிர்க்காற்று. போதாததற்குப் பிள்ளைகளின் காதை அவர் குரலே அடைத்துக்கொண்டிருந்தது. அடுத்து அது என்ன சொல்லும் என்பது அவருக்கு மனப்பாடம்: பச்சத் தண்ணி வந்ததும் எறங்குங்க, எவ்ளோ சூடுன்னு காலால பாருங்க. அது மடைப் பக்கத்தில், உப்பு இன்னும் பூக்காத பாத்தியில் நிற்கிற பச்சை நிறத் தண்ணீர். செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு ஓடினார்.

வரிசையின் தலையில் ஐயப்பனும் விஜயலட்சுமியும் ஒரே ஒயரில் நின்றார்கள்.

"எறங்கு, டீச்சர் சொல்லிட்டாங்க."

"பச்சத் தண்ணின்னாங்கடா. இது வெள்ளையா இருக்குது."

"டீச்சருக்குக் கண்ணாடி பவர் ஏறியிருக்கும்."

"அப்ப நீ எறங்கு. அடி வாங்குறப்ப நான் வேடிக்கை பாக்குறேன்."

சொல்லிவிட்டு விஜயலட்சுமி வரப்பிலேயே சம்மணம் போட்டுவிட்டாள். அவளைத் தாண்டிப் போக இடமில்லை. பின்னால் வந்தவர்களும் ஒவ்வொருவராக உட்கார்ந்தார்கள்.

முதலில் வந்து சேர்ந்தவர் குழந்தைசாமி. ஐயப்பனின் ஒயரை வாங்கித் தன் காதில் செருகி, முதலிலிருந்து போடச் சொன்னார். முதல் வரியிலேயே அவருக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. டீச்சர் மூச்சிரைக்க வந்து நின்றார்.

"ஏம்மா, காத்து என்ன உன் பள்ளிக்கூடத்துப் புள்ளையா, நிறுத்துன எடத்துல நிக்கறதுக்கு?"

"தப்பு என்னுதுதான் மாமா. தடம் பட்டிருக்குதா, அத மட்டும் பாத்துச் சொல்லுங்க."

குழந்தைசாமி பாத்தியின் ஓரமாகக் குனிந்து இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை பார்த்துவிட்டு வந்தார்.

"இல்ல. அடுத்த வருஷமும் கூட்டிட்டு வா. ஆனா அந்தப் பதிவுல மொதல்ல நான்தான் பேசுவேன்."

இப்போது அந்தப் பதிவு அவர் குரலில்தான் தொடங்குகிறது. "செல்போன் டவர் இருக்குதே, அதுக்கு நேரா நட. டேய், எவனாச்சும் பாத்தியில கால வெச்சீங்க..." அதற்கு மேல் அவர் பேசியதை டீச்சர் வெட்டிவிட்டார்.