மயிலிட்டிப் பெட்டி போன இடம்

யாழ்ப்பாணத்தில் மீன் வாங்கி அனுப்பும் ஒரு நிறுவனத்தின் கணினிகளைப் பார்ப்பது என் வேலை. வட கடற்கரையிலுள்ள மயிலிட்டிக் கிளையைத் தலைமை அலுவலகத்தோடு சேர்க்கும் விபிஎன் இணைப்பு, காற்றடிக்கும் நாட்களில் ஒழுங்காக இருக்கும். கடல் அசையாத நாட்களில் அறுந்துவிடும். கடவுச்சொல்லை மாற்றினேன். சிம் போட்ட ரவுட்டர் பெட்டியையே மாற்றினேன். பயனில்லை.

அன்றும் கிளைப் பொறுப்பாளர் ஜெயந்தி அக்கா தொலைபேசியில் கத்தினார்.

"தம்பி, லைன் திரும்பவும் போச்சுது. பில் அடிக்கேலாமல் லொறி நிக்குது. மீன் நிக்குமே?"

மோட்டார் சைக்கிளில் ஓடினேன். ரவுட்டர் எந்தக் கைபேசிக் கோபுரத்தைப் பிடித்திருக்கிறது என்று அப்போதுதான் பார்த்தேன். இந்திய நிறுவனமொன்றின் பெயர் இருந்தது. ரவுட்டரில் போட்ட சிம்முக்கு வெளிநாட்டு இணைப்புக் கிடையாது.

"அக்கா, உங்கடை பெட்டி இந்தியாவிலை நிக்குது."

"விசர்க்கதை கதையாதையும். பெட்டி மேசையிலை கிடக்கு!"

உள்ளூர்க் கோபுரத்தை மட்டும் பிடிக்கும்படி ரவுட்டரைப் பூட்டினேன். லொறி புறப்பட்டது.

பிறகு கரைக்குப் போனேன். கடல் எண்ணெய் ஊற்றியதுபோலக் கிடந்தது. காற்றில்லாத நாட்களில் கடல்மேல் படியும் காற்றடுக்கு வானலையை வெகுதூரம் கொண்டுபோகும். அப்படித்தான் அக்கரைக் கோபுரத்தின் அலை ஓசையில்லாமல் அக்காவின் மேசைவரை வந்திருக்கிறது. மலைத்துப்போய் நின்றேன். சட்டைப்பையில் கைபேசி அதிர்ந்தது. இந்தியா உங்களை வரவேற்கிறதாம். என் கால்கள் மயிலிட்டி மணலில் இருந்தன.

ரவுட்டரை மட்டுந்தான் பூட்டினேன். கைபேசியைப் பூட்ட இன்னும் மனம் வரவில்லை.